கேபிளும் வைஃபையும் ஒரே லேப்டாப்பில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆபீஸில் என் சீட்டில் லேன் கேபிள் இருக்கிறது. லேப்டாப் வைஃபையிலும் தானாகவே கனெக்ட் ஆகிவிடுகிறது. இரண்டும் இருந்தால் வேகம் கூடுமா சார்? டேலி சில நாள் பறக்கிறது, சில நாள் அப்படியே நின்றுவிடுகிறது.
– கணக்குப் பிரிவு ஊழியர், திருப்பூர்

பதில்: இரண்டு வேகமும் ஒன்றாகச் சேராது. பொதுவாக உங்கள் லேப்டாப்பிலிருந்து சர்வருக்கோ இன்டர்நெட்டுக்கோ போகிற டேட்டா இரண்டில் ஒரு வழியைத்தான் பிடிக்கும். எந்த வழி என்பதை முடிவு செய்ய விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் மெட்ரிக் என்று ஒரு எண் கொடுத்து வைத்திருக்கிறது. எண் குறைவாக உள்ள இணைப்புதான் முதலில். நாம் கை வைக்காத வரை இந்த எண்ணை இணைப்பின் வேகத்தைப் பார்த்து அதுவே போட்டுக்கொள்ளும். ஜிகாபிட் லேனுக்கு வழக்கமாக 25, வைஃபைக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஆபீஸில் கேபிள் மாட்டினாலே போதும், அதுதான் வேலை செய்யும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் "சில நாள்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இரண்டு சந்தேகம். முதலாவது, கேபிளில் கோளாறு இருந்து அது 1000 மெகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட்டில் நிற்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் வேகம் குறைந்தால் லேனின் மெட்ரிக் எண் ஏறிவிடும், பக்கத்தில் நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதற்குக் குறைந்த எண் கிடைத்து டேட்டா முழுக்க அந்தப் பக்கம் போய்விடலாம், நீங்களோ கேபிள் மாட்டியிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, காலையில் வந்ததும் வைஃபையிலேயே டேலியைத் திறந்துவிட்டு அப்புறம் கேபிள் மாட்டுகிறீர்களா? அப்படியென்றால் ஏற்கனவே திறந்த இணைப்பு வைஃபையிலேயேதான் தொடரும். பாதியில் மாறாது. கேபிள் மாட்டிய பிறகு டேலியை ஒரு முறை மூடித் திறங்கள்.

எது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். ஈதர்நெட், வைஃபை இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும். ஷேர் ஃபோல்டரிலிருந்து ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்துகொண்டே பாருங்கள், எந்தக் கோடு மேலே ஏறுகிறதோ அதுதான். எண்ணை நிரந்தரமாக நீங்களே வைக்க வேண்டுமென்றால் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தில் லேன், வைஃபை ஒவ்வொரு அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸிலும் ஐபி வெர்ஷன் 4, அட்வான்ஸ்டு என்று போய் ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துவிட்டு லேனுக்கு 10, வைஃபைக்கு 50 என்று கொடுக்கலாம். ஐபி வெர்ஷன் 6-க்கும் அதையே செய்ய வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இதற்கு அட்மின் அனுமதி தேவைப்படும், ஐடி டீமிடம் சொல்லியே செய்யுங்கள்.

கேள்வி: புது லேப்டாப், புது நெட்வொர்க் ஸ்விட்ச், இரண்டுமே ஜிகாபிட்தான். ஆனால் லிங்க் ஸ்பீடு 100/100 என்றே காட்டுகிறது. லேப்டாப்பை மாற்றித் தரச் சொல்லலாமா?
– வாசகி, மதுரை

பதில்: லேப்டாப்பைத் தொடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங்கின்போது ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும், நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி உள்ளே ஒன்று அறுந்தாலும், இணைப்பு அறுபடாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும். வேலை நடந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை, மாதக்கணக்கில் எல்லோரும் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள், 100 மீட்டருக்குள், கிளிப் உடையாத முனை. இது இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். யூஎஸ்பி அடாப்டர் வழியாக லேன் எடுக்கிறீர்கள் என்றால் அந்த அடாப்டர் ஜிகாபிட்தானா என்றும் பாருங்கள், மலிவான பல அடாப்டர்கள் 100 மெகாபிட் மட்டுமே தரும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஐடி வேலையை நான்தான் பார்க்கிறேன். கேபிள் மாட்டினால் வைஃபை தானாக அணைய வேண்டும், கழற்றினால் தானாக வர வேண்டும். ஒவ்வொருவரிடமும் "வைஃபையை ஆஃப் செய்யுங்கள்" என்று சொல்லி அலுத்துவிட்டது.
– சிஸ்டம் அட்மின், சென்னை

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள். ஆட்கள் கையில் இதை விட்டால் வைஃபையை அணைத்துவிட்டு மீட்டிங் அறைக்குப் போய் "நெட் இல்லை" என்று உங்களுக்கே போன் செய்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, இதை மெஷினே கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வழி பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்கில். ஹெச்பியின் ஆபீஸ் மாடல்களில் லேன்/டபிள்யூலேன் ஆட்டோ ஸ்விட்சிங் என்று இருக்கும், டெல் மாடல்களில் வயர்லெஸ் ரேடியோ கன்ட்ரோல் என்று இருக்கும். கேபிளில் லிங்க் வந்ததும் வைஃபை ரேடியோவையே அணைத்துவிடும். ஆனால் டாக் (லேப்டாப்பை லேன், மானிட்டரோடு சேர்க்கும் பெட்டி) அல்லது யூஎஸ்பி-சி அடாப்டர் வழியாக வரும் லேனை எல்லா மாடலும் இதில் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, ஒரு மெஷினில் போட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

இன்னொரு வழி க்ரூப் பாலிசி, அதாவது ஆபீஸ் மெஷின்களுக்கு அட்மின் போடும் விண்டோஸ் விதிகள். நான் இதையே பரிந்துரைப்பேன். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், நெட்வொர்க், விண்டோஸ் கனெக்ஷன் மேனேஜர் என்று உள்ளே போனால் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்பதைக் குறைக்கும் பாலிசி ஒன்று இருக்கிறது, பெயர் "மினிமைஸ்" என்று தொடங்கும். அதில் 0 முதல் 3 வரை மதிப்பு. 1 வைத்தால் லேன் இருக்கும்போது வைஃபை தானாகச் சேராது, ஆனால் ஆள் நினைத்தால் கையால் சேர்த்துக்கொள்ளலாம். 3 வைத்தால் அதுவும் முடியாது. இந்த 3 வந்தது விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பில்தான், அதற்கு முந்தைய மெஷின்கள் இருந்தால் அவற்றில் எடுபடாது. ஹோம் எடிஷன் லேப்டாப்களில் க்ரூப் பாலிசி எடிட்டரே கிடையாது. வாங்கும்போதே ப்ரோ வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் வற்புறுத்துங்கள், பின்னால் படுகிற பாடு மிச்சம்.

எல்லோருக்கும் ஒரேயடியாக 3 போடும் முன் அடுத்த கேள்வியையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியோடு லேப்டாப்பை கேபிளில் இணைக்கிறேன். மாட்டியவுடன் வைஃபையில் மெயில் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எனக்கு வேண்டும்.
– மெயின்டனன்ஸ் இன்ஜினியர், ஓசூர்

பதில்: லேன் அடாப்டரில் நீங்கள் கையால் ஐபி அட்ரஸ் கொடுத்திருப்பீர்கள். அதோடு கேட்வே என்ற கட்டத்தையும் நிரப்பியிருக்கிறீர்களா? அங்கே எதையாவது எழுதினால் "வெளியுலகத்துக்கு இந்தக் கேபிள் வழியாகப் போ" என்று லேப்டாப்புக்குச் சொல்வதாக ஆகிவிடும். பிஎல்சிக்கு இன்டர்நெட் தெரியாது, மெயில் அங்கே போய் முட்டி நிற்கும். ஐபியும் சப்நெட் மாஸ்க்கும் மட்டும் கொடுத்து, கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் காலியாக விடுங்கள். மெஷினுக்குப் போவது கேபிளில் போகும், மற்றதெல்லாம் வைஃபையில் போகும். மெட்ரிக்கை மாற்றக்கூட வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை, இரண்டு பக்கமும் ஒரே ஐபி வரிசையாக இருக்கக் கூடாது. ஆபீஸ் வைஃபையும் 192.168.1, பிஎல்சியும் 192.168.1 என்றால் எது எங்கே இருக்கிறது என்று லேப்டாப் குழம்பும். பிஎல்சி பக்கத்தை வேறு வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேட்வேயைக் காலி செய்தும் வைஃபை துண்டாகிறது என்றால் முந்தைய பதிலில் சொன்ன பாலிசியோ பயாஸ் செட்டிங்கோ உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு மட்டும் விலக்கு கேளுங்கள். அதைத் தர ஐடி டீம் தயங்கினால் அதற்கும் காரணம் உண்டு. உற்பத்தி மெஷினையும் இன்டர்நெட்டையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும் லேப்டாப்பில் வைரஸ் நுழைந்தால் அது மெஷின் வரைக்கும் போக முடியும். அதனால் வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆபீஸ் நெட்டில் சில தளங்கள் திறப்பதில்லை. கேபிளைக் கழற்றாமலே போன் ஹாட்ஸ்பாட்டை வைஃபையில் சேர்த்துக்கொள்கிறேன். ஐடியில் எச்சரித்துவிட்டார்கள். என் டேட்டா, என் போன், இதில் என்ன தப்பு?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: டேட்டா உங்களுடையது, ஆனால் கேபிளின் மறுமுனையில் இருப்பது எல்லோருடைய சர்வரும். ஆபீஸ் ஃபயர்வால் வாசலில் நின்று வருவதையும் போவதையும் பார்க்கிறது. ஹாட்ஸ்பாட் சேர்த்த கணமே உங்கள் லேப்டாப்பில் இன்னொரு வாசல் திறக்கிறது, அங்கே காவல் இல்லை. அந்த வழியாக ஒரு கெட்ட ஃபைல் இறங்கினால் அது கேபிள் வழியாக ஷேர் ஃபோல்டருக்குப் போவதை அந்த ஃபயர்வால் பார்க்கவே பார்க்காது. சம்பளப் பட்டியலிலிருந்து வாடிக்கையாளர் விவரம் வரை அங்கேதான் இருக்கிறது. வேலைக்கு அந்தத் தளம் உண்மையிலேயே தேவையென்றால் காரணம் எழுதி அனுமதி கேளுங்கள். சொந்த வேலைக்கு என்றால் போனிலேயே பாருங்கள். இதில் நான் உங்கள் ஐடி டீம் பக்கம்தான்.

நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தில் இரண்டையும் தேர்ந்தெடுத்து "பிரிட்ஜ்" போடும் வசதியையும் தொட வேண்டாம். லேனும் வைஃபையும் ஒரே ஆபீஸ் நெட்வொர்க்காக இருந்தால் அது டேட்டா சுற்றிச் சுற்றியே வரும் சுழலை உண்டாக்கி ஒரு மாடியின் நெட்டையே நிறுத்திவிடக்கூடும்.

கேள்வி: கேபிள் மாட்டினால் ஐபி 169.254 என்று ஆரம்பிக்கிறது, நெட் வருவதில்லை. வைஃபை நன்றாக இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: ஐபி கொடுக்க வேண்டிய டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் லேப்டாப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. சுவரில் உள்ள பாயின்ட் ஸ்விட்சோடு இணைக்கப்படாமலோ வேறு விஎல்ஏஎனிலோ (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதியிலோ) இருக்கலாம். பக்கத்து சீட் பாயின்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் பாயின்ட் நம்பரைக் குறித்து ஐடியிடம் கொடுங்கள். எங்கே மாட்டினாலும் இதே கதை என்றால் லேப்டாப்பையே காட்ட வேண்டும்.

கேள்வி: நான் உபுண்டு, நண்பர் மேக். எங்களுக்கும் இந்த மெட்ரிக் விஷயம் உண்டா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: உண்டு. உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜர் லேனுக்கு 100, வைஃபைக்கு 600 என்று வைத்திருக்கிறது, குறைந்ததுதான் முதலில். அந்த 100 வேகத்தைப் பார்த்துப் போட்டது இல்லை என்பதால் கேபிள் மெதுவாக இருந்தாலும் அதுவே முன்னால் நிற்கும். மேக்கில் எண் கிடையாது, நெட்வொர்க் செட்டிங்ஸில் செட் சர்வீஸ் ஆர்டர் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் ஈதர்நெட்டை வைஃபைக்கு மேலே இழுத்து வைத்தால் போதும். டாக் மாற்றினால் அந்த அடாப்டர் புதிய பெயரில் பட்டியலின் கீழே வந்து உட்காரக்கூடும், அப்போது மறுபடி இழுத்து மேலே வைக்கச் சொல்லுங்கள்.