மக்களைக் கேட்காமல் பயோமாஸ் மின் நிலையம் வரலாமா?

கேள்வி: கோத்தகிரி வட்டத்தில் எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) இருக்கிறது. எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஊருக்கு மேலே மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையை வாங்கியவர்கள் அங்கே 6 மெகாவாட் பயோமாஸ் மின் நிலையம் அமைக்கப் போகிறார்கள். விவசாயக் கழிவை மட்டுமே எரிப்பார்களாம். கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது என்று கேட்டால், சட்டப்படி அது தேவையே இல்லை என்கிறார்கள். புகை, லாரிகள், ஊற்றுத் தண்ணீர் மூன்றும் எங்கள் கவலை. கிராம சபைத் தீர்மானத்தால் இதைத் தடுக்க முடியுமா? இதற்கிடையே, தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வெட்டிப் போடும் குச்சிகளை அவர்களுக்கு விற்க ஓர் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடும்படி என் கணவரின் அண்ணன் வற்புறுத்துகிறார். நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அவர்கள் சொல்வது உண்மைதான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் அதன் பிந்தைய திருத்தங்களும் 15 மெகாவாட் வரையிலான பயோமாஸ் நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியிலிருந்து விலக்கு அளிக்கின்றன. நிலக்கரி போன்ற துணை எரிபொருள் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. முன் அனுமதி வேண்டாம் என்றால் கருத்துக்கேட்பும் இல்லை. மின் உற்பத்திக்குத் தனி உரிமமும் வேண்டாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. உமியும் கரும்புச் சக்கையும் மலிந்த சமவெளிக்குப் பொருந்தும் விலக்கை மலைச்சரிவுக்கும் அப்படியே நீட்டியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

கிராம சபை பற்றிக் கேட்கும் எல்லோரும் நியமகிரித் தீர்ப்பைச் சொல்கிறார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் வரலாமா என்ற முடிவை அங்குள்ள டோங்கிரியா கோந்து பழங்குடி மக்களின் கிராம சபைகளிடம் விட்டது. சபைகள் சுரங்கத்தை மறுத்தன. அங்கே கேட்கப்பட்டது வன நிலம். சபைகளுக்கு அந்த வலிமையைக் கொடுத்தது 2006 வன உரிமைச் சட்டம். உங்கள் ஊரில் வருவது பட்டா நிலத்து ஆலை. ஆகவே தீர்மானம் தடையாணை ஆகாது, சான்றாகப் பயன்படும். எந்த ஊற்றில் எத்தனை குடும்பங்கள் தண்ணீர் எடுக்கின்றன, ஆலைக்குப் போகும் பாதையின் அகலம் என்ன, பள்ளி எவ்வளவு தொலைவு என்று விவரமாக எழுதுங்கள். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பதோடு முடியும் தீர்மானத்தைக் கோப்பில் கட்டி வைத்துவிடுவார்கள்.

உங்கள் கேள்வியில் புகை முதலில் வருகிறது. நான் முதலில் பார்ப்பது எரிபொருளை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிலோ காய்ந்த பயோமாஸ் தேவை. 6 மெகாவாட் நிலையம் நாள் முழுவதும் ஓடினால் 170 முதல் 215 டன் வரை எரியும். பத்து டன் லாரி என்றால் தினமும் இருபது லாரி. கோத்தகிரி வட்டத்தில் அத்தனை விவசாயக் கழிவு எங்கே இருக்கிறது? கேரட் தழையும் முட்டைக்கோஸ் இலையும் ஈரம் சொட்டுபவை, அடுப்புக்கு ஆகாதவை. தேயிலையைக் கவாத்து செய்வதோ நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை. அந்தக் குச்சியும் செடியடியில் கிடந்தால்தான் சரிவில் மண் நிற்கும். சமவெளியிலிருந்து மலைப்பாதையில் ஏற்றி வந்தால் கட்டுப்படியாகாது. மிஞ்சுவது சில்வர் ஓக், சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள்.

மரம் என்று வந்துவிட்டால் சட்டம் கடுமையாகிவிடும். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தத் தோட்டத்து மரமானாலும் அதற்கான குழுவின் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. கூடலூர்க் காடுகளில் தொடங்கிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த உத்தரவு, தமிழ்நாட்டுத் தேயிலை, காப்பித் தோட்டங்களைத் தனியாகவே குறிப்பிடுகிறது. நட்டு வளர்த்த நிழல் மரங்களை மட்டும்தான் வெட்டலாம், தானாக முளைத்தவற்றைத் தொடக் கூடாது. அதுவும் சட்டப்படியான குழுவின் மேற்பார்வையில்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அதில் 'எரிபொருள்' என்பதற்குக் 'கவாத்துக் கழிவு, நிழல் மரக் கிளைகள், தோட்டத்தில் கிடைக்கும் இதர மரப் பொருட்கள்' என்று விளக்கம் இருக்கிறது. நான்கு பக்கம் தள்ளி, சிறிய எழுத்தில், 'வேண்டிய அனுமதிகள் அனைத்தையும் பெறுவது விற்பவரின் பொறுப்பு' என்கிறது. வருடாந்தர அளவில் குறையும் ஒவ்வொரு டன்னுக்கும் இழப்பீடு வேறு. கவாத்து இல்லாத ஆண்டில் அந்த அளவை ஈடுகட்ட நீங்கள் மரத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். மாட்டினால் வழக்கு உங்கள் மேல், ஆலை மேல் அல்ல. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் கொடுக்காது என்பது உண்மை. அதைச் சொல்லவும் நீங்கள் வக்கீல் வைத்து வாதாட வேண்டுமே! இந்த வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மூத்தாருக்கு அந்த இரண்டு வரிகளையும் படித்துக் காட்டுங்கள். 'கவாத்துக் குச்சி மட்டும், கவாத்து செய்யும் ஆண்டில் மட்டும், குறைந்தபட்ச அளவு கிடையாது' என்று மாற்றித் தந்தால் பிறகு யோசிக்கலாம்.

அடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லாவிட்டாலும், 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் நிறுவுவதற்கான இசைவாணை இல்லாமல் கட்டுமானம் தொடங்கக் கூடாது. வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்புங்கள். மேலே சொன்ன எரிபொருள் கணக்கையும் ஊற்றின் இருப்பிடத்தையும் அதில் எழுதி, ஆணை பிறப்பித்தால் நகல் வேண்டும் என்று கேளுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தில், ஆலையின் விண்ணப்பத்தையும் திட்ட அறிக்கையில் உள்ள எரிபொருள் ஆதாரப் பகுதியையும் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு ஒப்புதல் தரும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி இருக்கிறதா என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தனி மனுவில் கேட்க வேண்டும். தேயிலை ஆலைக்கென்று கட்டிய கட்டடத்தில் மின் நிலையத்தைப் புகுத்துவதற்குப் பழைய அனுமதி போதாது என்பது என் கருத்து.

இசைவாணை வந்துவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். காற்றுச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி மேல்முறையீட்டு அமைப்பிடம் போக 30 நாள்தான். அங்கே தோற்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்கு மேலும் 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிப்பார்கள். மரச் சட்டமும் கட்டட விதிகளும் தீர்ப்பாயத்தின் வரம்பில் இல்லை. அவற்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஊர்க்காரர்களோடு போகும்போதும் மனுவை உங்கள் பெயரிலேயே, உதகமண்டலத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுங்கள்.