மின்னோட்ட வளைவு பொருந்தாதது குறித்து

வணக்கம். உங்கள் பிளாஸ்மா ஃபோகஸ் கருவிக்கு (மின்னிறக்கத்தால் பிளாஸ்மாவை உருவாக்கிக் குவித்து அழுத்தும் கருவி) லீ மாதிரியில், அதாவது அதன் இயக்கத்தைக் கணக்கிடும் எண்முறை மாதிரியில், கணக்கிட்ட மின்னோட்டத்தின் உச்சம் அளந்ததைவிட உயர்ந்தும், உச்சத்துக்குப் பின் வரும் மின்னோட்டச் சரிவு முந்தியும் வருவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். நிறைக் காரணியை (உறை வாரிச் செல்லும் வாயு நிறையின் பங்கு) உயர்த்தினால் பிளாஸ்மா உறை, அதாவது மின்னோட்டத்தைச் சுமந்து நகரும் பிளாஸ்மா அடுக்கு, மெதுவாக நகர்ந்து சரிவு பிந்தும் என்றாலும், உச்சம் இன்னும் ஏறிவிடும்; ஆகவே அதை இப்போது தொட வேண்டாம். முதலில் வளைவின் தொடக்கச் சாய்வைப் பாருங்கள். மின்னழுத்தத்தைச் சுற்றின் நிலையான மின்தூண்டல் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே அந்தச் சாய்வு என்பதால், கணக்கு அங்கேயே செங்குத்தாக ஏறினால் மாதிரிக்கு நீங்கள் கொடுத்த மின்தூண்டல் எண் குறைவு. உறை நகர முடியாத அளவுக்கு வாயு அழுத்தத்தை உயர்த்தி ஒரு மின்னிறக்கம் செய்து, அலைவு நேரத்திலிருந்து மின்தூண்டல் எண்ணையும், வீச்சு தணியும் விதத்திலிருந்து மின்தடையையும் பெறுங்கள். மின்னோட்டத்தை அளக்கும் ரோகோவ்ஸ்கி சுருளின் அளவுத்திருத்தத்தையும் அதே பதிவில் சரிபார்ப்பது மிக அவசியம். பிறகு மின்னோட்டக் காரணியை (மொத்த மின்னோட்டத்தில் உறை வழியே பாயும் பங்கு) 0.7 அளவில் வைத்து நிறைக் காரணியைத் திருத்துங்கள். ஆரக் கட்டத்தின் (உறை அச்சை நோக்கிச் சுருங்கும் கட்டம்) காரணிகள் கடைசியில்.