முதிர்வுக்கு முன் வைப்பை எடுக்கலாமா?

வணக்கம். வங்கிகள் விழப்போகின்றன என்ற குரல்பதிவைக் கேட்டு, முதிர்வுக்கு நான்கு மாதமே இருக்கும் 18 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பை எடுத்து நகை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பதிவின் இறுதியில் நகையகம் ஒன்றின் தொலைபேசி இலக்கம் இருப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், அச்சத்தால் இலாபம் அடைபவர் யார் என்பதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2023 ஜூன் இறுதியில், இலங்கை அரசு உள்நாட்டில் பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்தும் விதிகளை மாற்றிய உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, வங்கிகள் ஐந்து நாட்கள் தொடர்ந்து மூடியிருந்தன. அப்போதும் யாழ்ப்பாணத்தில் இதே பேச்சுத்தான். ஆயினும் சுமை ஊழியர் சேமலாப நிதி போன்றவற்றின் மீதே விழுந்தது, வங்கி வைப்புகள் தொடப்படவில்லை. (என் மாமியார் அந்த ஐந்து நாளும் உறங்கவில்லை என்பது வேறு கதை.)

இப்போது எடுத்தால் வட்டியில் ஒரு பகுதியை இழப்பீர்கள். நகைக்குக் கொடுக்கும் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. தங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் முதலீடென்றால் ஆபரணத்தை விடத் தங்க நாணயமே மேல்.

உங்கள் தொகையில் ஒரு நியாயமான கவலை உண்டு. வங்கி முறிந்தால் வைப்பாளருக்குப் பணம் தரும் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரையே என்பதால், முதிர்ந்ததும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இரு வங்கிகளில் பாதி பாதியாக வையுங்கள்.