உழாத கரும்பு நிலம் கல்லாகிவிட்டதா?

கேள்வி: பினாங்கு நிபோங் திபால் பக்கம் 2 ஏக்கரில், ஆயர் தெபு (கரும்புச்சாறு) கடைகளுக்காகக் கரும்பு போடுகிறேன். உழவை நிறுத்தி, தோகையை எரிக்காமல் பரப்பி 2 வருடமாகிறது. மண் கல்லாகக் கிடக்கிறது. மறுபடி ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. உழவை நிறுத்திய முதல் சில வருடங்களில் மேல்மண் இறுகுவது வழக்கம்தான். ஆனால் செத்த வேர்களும் மண்புழுக்களும் விட்டுப்போன துளைகள் அறுபடாமல் கீழே இறங்குகின்றன. தண்ணீரும் காற்றும் போவது அந்த வழியாகத்தான். ரோட்டவேட்டர் அதை அறுத்துப் பொடியாக்கிவிடும். நம் கரையோரக் களிமண்ணில் அந்தப் பொடி ஒரே பெருமழையில் சேறாகி, காய்ந்ததும் ஓடு கட்டிவிடும்.

காய்ந்த களிமண் எப்போதும் கல்தான். அதனால் மழை விட்டு 2 நாள் கழித்து 40 செ.மீ. ஆழத்துக்கு இரண்டு குழி வெட்டுங்கள். கரும்பு நிற்கும் வரிசையான பாரில் ஒன்று, சக்கரம் ஓடும் தடத்தில் ஒன்று. வேர் நேராக இறங்குகிறதா, ஒரு மட்டத்தில் முட்டிப் பக்கவாட்டில் மடங்குகிறதா என்று பாருங்கள். கட்டி தட்டுத் தட்டாகப் பெயர்ந்தால் அங்கே இறுக்கம் இருக்கிறது.

எண்ணாகத் தெரிய வேண்டுமா? இருபக்கமும் திறந்த பால் டின்னை மண்ணில் அழுத்தி முழுசாக எடுங்கள். அந்த மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, எடையை டின்னின் கொள்ளளவால் வகுங்கள். களிமண்ணில் கன செ.மீ.க்கு 1.4 கிராமைத் தாண்டினால் வேர் திணறும். மணல் நிலம் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். (வீட்டு அடுப்பில் செய்தால் வாடைக்கு அம்மாவிடம் திட்டு வாங்க நேரும்.)

தடத்தில் மட்டும் இறுக்கம் என்றால் குற்றம் உழாததில் இல்லை, சக்கரத்தில். ஆஸ்திரேலியாவில் முன்பு பார் இடைவெளி 1.5 மீட்டர், அறுவடை இயந்திரத்தின் இரு சக்கரத்துக்கு இடையிலான தூரமோ ஏறத்தாழ 1.8 மீட்டர். சக்கரம் பாரையே மிதித்தது. பார் இடைவெளியைச் சக்கரத்துக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்கள் அங்குள்ள ஆய்வாளர்கள். பாரிலும் இறுக்கம் இருந்தால், மறுநடவு வரை பொறுத்து, காய்ந்த நாளில் நடவுக் கோட்டை மட்டும் ஆழமாகக் கீறிவிடுங்கள்.

இன்னொன்று, ஈரம் தேங்கும் இடத்தில் தோகையைத் தூர்மேல் விடாதீர்கள், மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து வரும் கரும்பு) முளைக்கத் தாமதமாகும். இரண்டு பாருக்கு இடையில் ஒதுக்குங்கள். லோரி ஏறும் முன் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். புழுவாக மெலிந்து திரண்டால் மண்ணில் ஈரம் அதிகம், அன்று லோரி வெளியிலேயே நிற்கட்டும். கரும்புக் கட்டு சுமக்கக் கூலி கூடும்தான்.