தம்பி என்ன சொன்னார்?

கேள்வி: முதுகுத்தண்டில் அடிபட்டதால் என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலிதான். சென்னையில் அத்தை மகள் கல்யாணம். பஸ்ஸில் கூட்டிப் போகலாமா, ரயிலிலா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ரயில்தான் அம்மா. பஸ்ஸில் படி உயரம், கதவு குறுகல். நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள், கேட்காமலேயே. போலியோ வந்த என்னை அப்படிக் கையைப் பிடித்து இழுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். தோள்வலி மட்டும் எனக்கு.

உங்களுக்குப் பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை. காரில் ஜோலார்பேட்டை போய்விடுங்கள். மொரப்பூரிலும் சென்னை வண்டிகள் நிற்கும். ஆனால் வண்டி நிற்கிற ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் ஆளையும் நாற்காலியையும் ஏற்றுவது பெரும் பதற்றம். வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வரும், படி ஏறாமல் அங்கே போக வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

தம்பிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை. இரண்டடுக்கு ஏசியில் 50. துணைக்குப் போகும் ஒருவருக்கும் அதே சலுகை. (மூத்த குடிமக்கள் சலுகையை 2020இல் நிறுத்தினார்கள், இதில் கைவைக்கவில்லை.) கவுண்டரில் எடுக்க, ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவரின் சான்று வேண்டும். ஆன்லைனில் எடுக்க ரயில்வே தரும் தனி அட்டை வேண்டும். அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

பெட்டிக்குள் இருக்கைகளுக்கு நடுவே வீட்டு நாற்காலி நுழையாது, தூக்கத்தான் வேண்டும். எப்படித் தூக்கினால் வலிக்காது, எங்கே பிடிக்கக் கூடாது என்பது தம்பிக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லையே! முதலில் அவரிடம் கேளுங்கள். யார் தூக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

நாற்காலியின் மெத்தையைக் கழற்றி இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார வையுங்கள். உணர்ச்சியில்லாத இடத்தில் அழுத்தம் சேர்ந்தால் புண் வரும், வந்தது தெரியாது. அப்புறம் தண்ணீர். வழியில் கழிப்பறைக்குப் பயந்து குடிக்காமலே இருந்துவிடுவார்கள். சிறுநீரில் கிருமித்தொற்று வந்து கல்யாணம் முடிவதற்குள் காய்ச்சலில் படுக்க நேரும்.

மண்டபத்துக்கும் போன் போடுங்கள். 'வசதி இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கு' என்றுதான் சொல்வார்கள். வாசலில் எத்தனை படி, பந்தி எந்த மாடியில், கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். நாற்காலியின் அகலத்தை வீட்டிலேயே டேப் வைத்து அளந்து வைத்துக்கொண்டால் பேச வசதி.

கேள்வி: டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வருபவருக்கும் பயணம் இலவசமாமே?
- வாசகர், பென்னாகரம்

பதில்: ஆமாம், 2021இலிருந்து. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் மட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.