மாம்பழம், மோர், நள்ளிரவுக் காய்ச்சல்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்: ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் என் 5 வயது மகளுக்கு, காய்ச்சலுக்காக ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியது. மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது அம்மா. அந்த மாத்திரை தண்ணீர் போவதை நிறுத்திக் காட்டும். நோயை உள்ளேயே பூட்டி வைக்கும். ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழித்துவிடுகிறது. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி, நச்சைக் கக்கிக் குடலைப் புண்ணாக்கலாம். மலப் பரிசோதனை செய்து, தேவையென்றால் வான்கோமைசின் அல்லது மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள். வான்கோமைசினை வாய்வழியேதான் தர வேண்டும். நரம்பில் ஏற்றினால் குடலுக்குள் போய்ச் சேராது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்தாலும் பேதி வரும் என்பதால் நீங்களாக முடிவுகட்டாதீர்கள். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துவாருங்கள்.

இன்னொன்று: கைக்குழந்தைகளின் குடலில் இந்தக் கிருமி நோய் தராமலே குடியிருப்பது வழக்கம். ஆகவே 1 வயதுக்குள் ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலே பதற வேண்டியதில்லை.

ஊத்தங்கரை வாசகர்: வீடு முழுக்க சானிடைசர் வைத்திருக்கிறோம். போதாதா?

இந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசைவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கதி. கழிவறைக்கு பிளீச்சிங் கரைசல்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: சொந்தத் தோப்பு இருந்தும், கீமோ எடுக்கும் பேரனுக்கு மாம்பழம் கொடுக்க மருமகள் விடுவதில்லை. மோரும் கூடாதாம்!

மாம்பழ ஊரில் இது பெரிய கொடுமைதான்! அடிபடாத பழத்தை நன்றாகக் கழுவி, தோல் சீவி, வீட்டிலேயே உடனே நறுக்கிக் கொடுக்கலாம். சாலையோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று வேண்டாம். மோர் விஷயத்தில் என் ஓட்டு மருமகளுக்கே: கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் சிகிச்சை தரும் மருத்துவர் சம்மதிக்காமல் கொடுக்காதீர்கள். புரோபயாட்டிக் எனப்படும் நல்ல கிருமிப் பொட்டலங்களும் அப்படியே. நல்ல கிருமியும் அரிதாக ரத்தத்தில் இறங்கிவிடும்.

அரூரிலிருந்து ஒரு தந்தை: கீமோ எடுக்கும் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால், சிகிச்சை நடக்கும் சென்னைக்குக் காலைப் பேருந்து வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். 100.4 டிகிரி நீடித்தாலே அவசரம். வலப்பக்க அடிவயிற்றில் வலியும் சேர்ந்தால் குடல்சுவர் அழற்சியாக இருக்கக்கூடும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள்; ஆசனவாயில் மருந்தோ தெர்மாமீட்டரோ வைக்காதீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், “கீமோ எடுக்கும் குழந்தை” என்று நுழைவாயிலிலேயே சொல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். சென்னை மருத்துவரிடம் அங்கிருந்தே தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம்.