சுயேச்சையாக நிற்கிறீர்களா? முதலில் அந்தப் பத்துக் கையெழுத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. கே.வி.குப்பம் தொகுதியில் ஓட்டு இருக்கிறது. அது தனித்தொகுதி. அதனால் பக்கத்துக் காட்பாடியில் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கலாம் என்றிருக்கிறேன். முடியுமா? மனு தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாக நிற்கலாம். 25 வயது நிறைந்து, தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆனால் உங்கள் ஓட்டு வேறு தொகுதியில் இருப்பதால், பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகலை வாங்கி மனுவோடு கொடுக்க வேண்டும். இணையத்தில் எடுத்த பிரிண்ட் செல்லாது.

உங்களை முன்மொழியும் பத்துப் பேரும் காட்பாடித் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். கே.வி.குப்பத்துச் சொந்தக்காரர்கள் இதற்கு உதவ மாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்து. வேட்புமனுவுக்கான படிவம் 2பி-யில் உங்களுக்கானது இரண்டாம் பகுதி.

சுயேச்சைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பழைய வாக்காளர் அட்டையைப் பார்த்துப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதிவிடுகிறார்கள். பட்டியல் திருத்தப்படும்போது அவை மாறும். நடப்புப் பட்டியலில் பத்துப் பேரையும் தேடிப் பார்த்து எழுதுங்கள். எண்ணில் சின்னப் பிழை இருந்தால் அதற்காக மனுவைத் தள்ளக் கூடாது. ஆனால் ஆளே பட்டியலில் இல்லையென்றால் மனு போய்விடும். கைநாட்டு வைப்பவர்களைத் தவிர்ப்பது நல்லது. அவர்கள் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அதிகாரி முன்போதான் ரேகை வைக்க வேண்டும். ஆனால் மனு கொடுக்கும் அறைக்குள் உங்களோடு நான்கு பேருக்கு மேல் விட மாட்டார்கள்.

ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போடவே கூடாது. மனுக்களைச் சரிபார்க்கும் பரிசீலனை நாளில் "அது என் கையெழுத்து இல்லை" என்று ஒருவர் சொன்னாலும் பத்து ஒன்பதாகிவிடும். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு இந்தச் சிக்கலில்தான் தள்ளுபடியானது. ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான். எனவே வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனு ஒன்றும் போட்டுவிடுங்கள்.

டெபாசிட் ரூ.10,000, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொதுத்தொகுதியில் நின்றாலும் ரூ.5,000. ரொக்கமாகவோ கருவூலச் சலான் மூலமோ கட்டலாம். செக், டி.டி. வாங்க மாட்டார்கள்.

அடுத்தது படிவம் 26, சொத்து, கடன், வழக்கு விவரங்களுக்கான பிரமாணப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் போடாதீர்கள். "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுதுங்கள். மனைவி, சார்ந்திருப்பவர்கள் பெயரில் உள்ளதும் வர வேண்டும். நோட்டரி முத்திரை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வரி பாக்கி இருந்தால் பயப்பட வேண்டாம். மறைக்காமல் எழுதினால் போதும். அரசு ஒப்பந்த வேலை ஏதாவது கையில் நடந்துகொண்டிருந்தால்தான் சிக்கல். அதை முடித்துவிட்டு வாருங்கள்.

தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. நல்ல நேரம் பார்த்துக் கடைசி நாளில் போகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. அன்று குறை சொன்னால் திருத்த நேரமிருக்காது. முதல் இரண்டு நாளிலேயே கொடுங்கள். என்னென்ன குறை என்று சரிபார்ப்புப் பட்டியலில் குறித்துத் தருவார்கள்.

மனு கொடுத்த கையோடு, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள். பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுக்காவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதலாம். முதலில் கொடுத்த மனுவில் எழுதியதுதான் கணக்கு.

பரிசீலனை முடிந்ததும் வாபஸ் கேட்டு ஆள் வரலாம். 2021-ல் காட்பாடியில் வெற்றி வித்தியாசம் ஆயிரத்துக்கும் குறைவு. அதனால் உங்கள் சில நூறு ஓட்டுக்கும் அங்கே மதிப்புண்டு. பணம் வாங்கிக்கொண்டு விலகுவது லஞ்சம், கொடுப்பவருக்கும் குற்றம். வாபஸ் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். 1,80,000 என்றால் 30,000-க்கு மேல். தோற்றாலும் ஜெயித்தாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை, உச்சவரம்பு ரூ.40 லட்சத்துக்குள், வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். செலவே செய்யவில்லை என்றாலும் அதையும் எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மூன்றாண்டு போட்டியிடத் தடை வரும்.